கோல் போகும் இடத்தைப் பார்த்து ஆள் எடுங்கள்: திருகோணமலை உதைபந்தாட்டக் கழக நிர்வாகசபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பருவம் தொடங்குமுன் வழக்கமாகக் கேட்கும் இரண்டு கதைகள் இப்போதும் கேட்கின்றன. "வெளியிலிருந்து ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரை இறக்கவேணும்" என்பது ஒன்று. "கோச்சை மாத்தவேணும்" என்பது மற்றது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது நல்ல ஆசைதான். கழகம் வெல்லவேண்டும் என்பதில் உங்களுக்கும் ரசிகர்களாகிய எங்களுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் நகரம், கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கும் கழகங்கள் பல இந்த இரண்டு முடிவுகளையும் ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் எடுக்கின்றன. போன பருவத்தில் எத்தனை கோல் வாங்கினோம் என்று கேட்டால் செயலாளர் உடனே சொல்வார். அவை எத்தனையாவது நிமிடத்தில், எந்தப் பக்கத்தால், எந்த வகைப் பந்தில் வந்தன என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. பதில் இல்லாத கூட்டத்தில் யார் உரத்துக் கதைக்கிறாரோ அவர் சொன்னது முடிவாகிவிடுகிறது.

குறை எங்கே என்று எழுத்தில் தெரியும்வரை புது ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள், இருக்கிற பயிற்றுவிப்பாளரையும் அனுப்பாதீர்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

எழுதுவது பெரிய வேலை இல்லை. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் நடுக்கோட்டுக்கு நேரே, கிடைக்கிற உயரமான இடத்தில் கைபேசியை முக்காலியில் நிறுத்தி முழு ஆட்டத்தையும் பதியவேண்டும். பந்துக்குப் பின்னால் கமராவைத் திருப்பிக்கொண்டே இருந்தால் பந்து இல்லாத இடத்தில் யார் நின்றார் என்பது பதிவாகாது. பாதி மைதானமாவது எப்போதும் சட்டகத்துக்குள் இருக்கவேண்டும். மற்றவர் ஏ4 தாளில் குறிக்கவேண்டும். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஐந்து விடயம்: நிமிடம், வந்த பக்கம், பந்து எதில் தொடங்கியது (கோணர் என்ற மூலை உதை, ப்ரீ கிக், த்ரோ, நம் ஆள் நடுவில் பறிகொடுத்த பந்து, கீப்பர் தட்டிவிட்ட பந்து), அடித்தவரை யார் பிடித்திருக்கவேண்டும், அந்த நேரம் கீப்பர் எங்கே நின்றார். அத்துடன் இரண்டு அணிகளும் தண்ட எல்லைக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய பெட்டிக்குள்) இருந்து அடித்த உதைகளைக் கோடு போட்டு எண்ணவேண்டும். எல்லைக்கு வெளியே இருந்து அடித்தவற்றைத் தனியாக எண்ணுங்கள். பெரிய தொழில்முறை லீக்குகளிலேயே அவற்றில் நூற்றுக்கு ஐந்துகூடக் கோலாவதில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் கணக்கு ஏமாற்றும்.

எட்டுப் பத்து ஆட்டம் சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு தெரியவரும். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் மைதானத்திலும் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஏறக்குறைய என்னவாக இருக்கும் என்று இப்போதே தெரியும்: கோணரிலும் அதன்பின் வெளியே விழும் இரண்டாவது பந்திலும் வரும் கோல்கள், நம் இடது பக்கத்தால் வரும் கோல்கள், கடைசி 20 நிமிடத்தில் கால் இழுபடத் தொடங்கியதும் வரும் கோல்கள். இந்த மூன்றில் எதையும் ஸ்ட்ரைக்கர் வந்து நிறுத்தப்போவதில்லை. கூரை ஒழுகும் வீட்டில் முன்கதவை மாற்றிப் பயனில்லை.

முதலில் கீப்பர். நம் கழகங்களில் மிகக் குறைந்த கவனம் பெறும் இடம் இதுதான், மிகக் குறைந்த செலவில் திருத்தக்கூடிய இடமும் இதுவே. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் 2017-18 பிரீமியர் லீக்கில் 38 கோல் வாங்கியது. 2018 மே மாதம் கியேவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கீப்பரின் தவறுகளால் ரியல் மட்ரிட்டிடம் 3-1 என்று தோற்றது. அந்தக் கோடையில் அலிசன் என்ற கீப்பரை வாங்கினார்கள். பின்கள வீரர் வான் டைக் அதே ஆண்டு ஜனவரியிலேயே வந்திருந்தார். அடுத்த பருவத்தில் வாங்கிய கோல் 22. புள்ளிகள் 75இலிருந்து 97 ஆகின. முன்னால் ஆடியவர்கள் அதே சலா, மானே, ஃபிர்மினோ. சாம்பியன்ஸ் லீக் கிண்ணமும் 2019இல் வந்தது.

அலிசனை வாங்கும் காசு இங்கே யாரிடமும் இல்லை. ஆனால் கீப்பரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இன்றே மாற்றலாம். இப்போது நடப்பது என்ன? உயரமான பொடியனை நிறுத்துகிறோம், அல்லது வெளியில் ஆட இடம் கிடைக்காதவருக்குக் கையுறையைக் கொடுக்கிறோம். பதிலாக இப்படிச் சோதியுங்கள். வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து என 20 உயரப் பந்து. ஐந்தரை மீற்றர் சின்னப் பெட்டிக்குள் நான்கு பேர் முட்டிமோதி நிற்கவேண்டும். எத்தனை பந்தைச் சுத்தமாகப் பிடித்தார், எத்தனையைக் குத்தி எல்லைக்கு வெளியே அனுப்பினார், எத்தனைக்கு வந்து வராமல் பாதிவழியில் நின்றார் என்று எண்ணுங்கள். பாதிவழியில் நிற்பதுதான் கோலாகும். பிறகு இரண்டு காலுக்கும் 20 பின்பாஸ், ஒருவர் ஓடிவந்து அழுத்தும்போது. கடைசியாகத் தனியே ஓடிவரும் வீரருக்கு எதிராகப் பத்து. உயரம் இவற்றுக்கெல்லாம் பிறகு.

இன்னொன்று நம் மைதானங்களுக்கே உரியது. கச்சான் என்ற தென்மேல் காற்று வீசும் காலத்தில் தரை இறுகி, மேலே பொடிக்கல் கிளம்பிக் கிடக்கும். அதில் ஒருமுறை இடுப்பும் முழங்கையும் உரிந்த கீப்பர் அடுத்த கிழமை அந்தப் பக்கம் பாயமாட்டார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். மைதான மூலையில் ஐந்து மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு மணல் குழி வெட்டுங்கள். அரித்த ஆற்றுமணல் ஏறக்குறைய ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) போதும். இரவில் தறப்பாளால் மூடிவையுங்கள், நாய் பூனை அசுத்தம் செய்யாது. பாயும் பயிற்சி முழுவதும் அங்கே நடக்கட்டும். மைதானத்தில் நிற்கும் முறை, கால் நகர்வு, பந்தை வெளியேற்றுவது மட்டும் போதும். கிழமைக்கு மூன்று நாள், அணிப் பயிற்சிக்கு முன் 30 நிமிடம், ஒரு தடவைக்கு 60 முதல் 80 பந்து. இருநூறு பந்து அடித்துக் களைக்க வைத்தால் தவறான நிலையில் பாயும் பழக்கம்தான் கையில் ஏறும்.

விதி மாற்றத்தையும் கீப்பருக்குச் சொல்லிக்கொடுங்கள். 2025-26 பருவ விதிகளின்படி எட்டு வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். கடைசி ஐந்து வினாடியை மத்தியஸ்தர் கைவிரல்களால் எண்ணிக் காட்டுவார். அதைப் பார்க்காமல் "முன்னால் போங்கோ" என்று சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும் கீப்பர் ஒருநாள் ஆட்டத்தையே கொடுத்துவிடுவார்.

கோணருக்கு வருவோம். பந்து முதலாம் கம்பத்துக்கு வளைந்து வருகிறது. கீப்பர் கோட்டில் நிற்கிறார், அவருக்கு முன்னால் எதிரணி ஆள் ஒருவர் முதுகைக் காட்டி மறைக்கிறார். நம் ஸ்டொப்பர் (நடுப் பின்கள வீரர்) இருவரும் ஒரே உயரமான ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பந்து யாருடைய தலையிலோ பட்டுப் பெட்டி விளிம்புப் பக்கம் விழுகிறது. அங்கே நம் ஆள் ஒருவரும் இல்லை, ஏனென்றால் பத்துப் பேரும் பெட்டிக்குள். அடிக்கிறார்கள், கோல். பிறகு எல்லோரும் கீப்பரைத் திட்டுகிறார்கள். இதற்கு வேண்டியது வேலைப் பங்கீடுதான். முதலாம் கம்பத்தடியில் ஒருவர். சின்னப் பெட்டியின் கோட்டில் மூவர், ஆளைப் பார்க்காமல் இடத்தைக் காப்பவர்கள், தலைப்பந்தில் சிறந்த மூவர். எதிரணியின் சிறந்த மூவரை ஓடவிடாமல் தடுக்க மூவர். குறுங்கோணருக்கு ஒருவர். பெட்டி விளிம்பில் இரண்டாவது பந்துக்கு இருவர். பத்துப் பேரும் முடிந்தது. கீப்பரை மறைப்பவரைத் தள்ளிவைக்கும் பொறுப்பு சின்னப் பெட்டியில் நடுவில் நிற்பவருக்கு. பெயரோடு எழுதி உடைமாற்றும் அறையில் ஒட்டுங்கள். மாற்று வீரர் உள்ளே போகும்போது யாருடைய இடத்துக்குப் போகிறார் என்பதும் அதில் இருக்கட்டும். மாற்றம் செய்த அடுத்த கோணரில் கோல் வாங்குவது அந்த ஒரு வரி இல்லாததால்தான். ஆட்டத்துக்கு முதல்நாள் 25 நிமிடம் இதற்கே ஒதுக்கவேண்டும்.

இடது பக்கம். இடதுகால் பழக்கமுள்ளவர் அரிது என்பதால் வலதுகால்காரரை அங்கே நிறுத்துகிறோம். அவர் ஒவ்வொரு பந்தையும் உள்ளே திருப்பித்தான் கொடுப்பார். எதிரணி விங் (ஓரத்தால் ஆடுபவர்) அதைத் தெரிந்துகொண்டு உள்பக்கம் காத்திருப்பார். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் அந்தக் காசு இங்கே போகட்டும். அதற்குமுன் பாடசாலை 16, 18 வயது அணிகளில் இடதுகாலால் ஆடுபவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பலர் விங்கில் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஒரு பருவத்தில் பின்னால் பழக்கலாம்.

கடைசி 20 நிமிடம் உடல் தகுதியோடு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை பின்னேரம் நாலு மணிக்கும் காய்ந்த காற்று வியர்வையைத் தெரியவிடாமல் உறிஞ்சிக்கொண்டு போகும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தராசில் வீரர்களை நிறுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ பொடியன் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் ஓட்டமும் கவனமும் இரண்டுமே இறங்கும். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் அரை லீற்றர், பிறகு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஒரு கோப்பை அளவு. அதிகம் வியர்ப்பவர்களுக்கு இடைவேளையில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரேற்றுத் தூள்) கலந்து கொடுங்கள். ஒரு பைக்கற்றுத் தூளுக்கு ஒரு லீற்றர் நீர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. வெயில் கடுமையென்றால் 30ஆவது, 75ஆவது நிமிடமளவில் நீரருந்தும் இடைநிறுத்தம் தரும்படி ஆட்டத்துக்கு முன்னரே இரண்டு அணிகளும் சேர்ந்து மத்தியஸ்தரிடம் கேட்கலாம். சுற்றுப்போட்டி விதியில் ஐந்து மாற்றம் உண்டென்றால் நடுக்கள வீரர் இருவரை 60ஆவது நிமிடத்தில் மாற்றுங்கள். 80ஆவது நிமிடத்தில் மாற்றுவது கோல் வாங்கிய பிறகு மாற்றுவதாகத்தான் முடிகிறது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு நாணயச் சுழற்சியில் வென்றவர் பக்கத்தையோ ஆரம்ப உதையையோ தெரிவுசெய்யலாம். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் ஆரம்ப உதையைக் கேட்டு வாங்கும் தலைவர் தன் அணிக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்லதை விட்டுவிடுகிறார்.

தொடைப் பின்தசைக் காயம் பற்றி ஒரு சொல். வெள்ளி இரவு மின்னொளியில் ஏழு பேர் ஆட்டம், சனி அலுவலக அணிக்கு, ஞாயிறு லீக் என்று ஒரே பொடியன் மூன்று நாள் ஆடினால் தசை கிழியாமல் என்ன செய்யும்? பொறுப்பை வீரர் தலையில் போடாதீர்கள். அந்த ஏழு பேர் ஆட்டத்தில் கிடைக்கும் சிறு தொகை அவருக்குத் தேவையானது. யார் எங்கே எத்தனை நிமிடம் ஆடினார் என்று குறித்து, மூன்றாவது ஆட்டத்தில் அவரை அரை மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஃபிஃபா வெளியிட்ட 11+ என்ற சூடேற்றும் பயிற்சி 15 அசைவுகளும் 20 நிமிடமும்தான். கிழமைக்கு இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் கணிசமாகக் குறைவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு கோலை நோக்கி அடிக்கத் தொடங்குவது சூடேற்றம் ஆகாது.

வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. இலங்கைத் தேசிய அணி 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபா தடையில் கிடந்தது. 2024 செப்டெம்பரில் அதே நாட்டின் அணி ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, ப்னோம் பென்னில் 2-2 என்று ஆடி, பெனால்டியில் வென்று அடுத்த கட்டத்துக்குப் போனது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள், தமிழ்ப் பெயர்களும் அவர்களுக்குள் உண்டு. அதைப் பார்த்துச் சந்தோசப்படாதவர் இங்கே யார்? ஆனால் அவர்கள் ஒழுங்கான கழகங்களில் கிழமைக்குக் கிழமை ஆடிக்கொண்டிருந்தவர்கள். சுற்றுப்போட்டிக்கு மூன்று நாள் முன் பஸ்ஸில் வந்திறங்கி, பயிற்சி ஒன்றுகூட இல்லாமல் 9ஆம் இலக்க ஜேர்சியைப் போடுபவரோடு அதை ஒப்பிடமுடியாது.

ஒருவரை எடுக்குமுன் மூன்று ஆட்டம் பாருங்கள். ஒன்றாவது அவர் அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டமாக இருக்கவேண்டும். பந்து பறிபோனதும் அவர் திரும்பி ஓடுகிறாரா, கைவிரித்து நிற்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும். காயம் பற்றி நேரடியாகக் கேளுங்கள்: கடைசியாக எப்போது முழு 90 நிமிடம் ஆடினார், முழங்கால், கணுக்கால், தொடை மூன்றிலும் என்ன நடந்தது. அவர் கிழமைக்கு எத்தனை பயிற்சிக்கு வரமுடியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக்கு வரமுடியாதவர் வேண்டாம், எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும். பதிவுத் தாள்களையும் பாருங்கள். பழைய கழகத்தின் விடுவிப்பு இல்லாமல் இறக்கினால் எதிரணி முறைப்பாடு வைக்கும், வென்ற புள்ளிகளும் போகும். வெளிநாட்டுக் கழகமொன்றில் பதிவானவர் என்றால் சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் வேண்டும். அது ஒரு நாளில் வரும் காரியம் இல்லை.

குழாம் 22 பேருக்கு மேல் வேண்டாம். கீப்பர் மூவர், அதில் ஒருவர் 19 வயதுக்குக் கீழ். வரிசையில் இரண்டாவதாக இருப்பவர் பருவத்தில் நான்கைந்து ஆட்டமாவது முழுமையாக ஆடும்படி முன்கூட்டியே தீர்மானியுங்கள். 30 பேரைப் பதிந்து 12 பேரை மட்டும் ஆடவைத்தால் மிச்சப் பேர் ஆடிமாதத்துக்குள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

இனிப் பயிற்றுவிப்பாளர்.

தொடர்ந்து மூன்று தோல்வி. கூட்டம் கூடுகிறது, ஆளை மாற்றுகிறோம், அடுத்த ஆட்டம் வெல்கிறோம். மாற்றியது சரி என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒல்லாந்தின் முதல்தர லீக்கில் 1986 முதல் 2004 வரையான பருவங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதற்காகவே ஆராய்ந்தார். பயிற்றுவிப்பாளரை மாற்றிய அணிகளை, அதே அளவு சறுக்கியும் மாற்றாமல் இருந்த அணிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாற்றாத அணிகளும் அதே வேகத்தில் மீண்டிருந்தன. உதைபந்தாட்டத்தில் கோல் குறைவு, அதனால் கெட்ட அதிர்ஷ்டம் சில கிழமை நீடித்து நிற்கும், பிறகு தானாக விலகும். அந்த விலகலைப் புது ஆளின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் 2019-20இலும் 2020-21இலும் எட்டாமிடம். 2021-22இன் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, அட்டவணையில் 20ஆவது, அதாவது கடைசி. பயிற்றுவிப்பாளர் ஆர்டெட்டாவை அனுப்பச் சொல்லிக் கேட்ட குரல்கள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் கேட்டன. நிர்வாகம் அனுப்பவில்லை. அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேரும் 23 வயதும் அதற்குக் கீழும். ஒரு கீப்பர், மூன்று பின்கள வீரர்கள், இரண்டு நடுக்கள வீரர்கள், ஸ்ட்ரைக்கர் ஒருவர்கூட இல்லை. பருவ முடிவில் ஐந்தாமிடம், அடுத்த இரண்டு பருவமும் இரண்டாமிடம். செல்சி 2022-23இல் பெருந்தொகை கொட்டி ஆட்களை வாங்கிக்கொண்டே ட்யூக்கல், பொட்டர், ஓர் ஆட்டத்துக்கு சால்ட்டோர், பிறகு லம்பார்ட் என்று நான்கு பயிற்றுவிப்பாளர்களைக் கண்டது. முடிவு 44 புள்ளி, 12ஆம் இடம். நம் தேசிய அணியும் 2018இலிருந்து பார்த்தால் பக்கீர் அலி, அலகிச், மொரிசன், ஸ்டீவன்ஸ், அல்முதைரி என்று ஆள்மாறி ஆள்மாறி வந்திருக்கிறது. ஒருவர் பழக்கிய ஆட்டமுறையை அடுத்தவர் அழித்து எழுதும்போது இழப்பது வீரர்கள்தான்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? எங்கள் கருத்து இது. பயிற்சிக்கு வருகிறவர்களின் தொகை மூன்றில் இரண்டுக்குக் கீழே இறங்கி ஒரு மாதம் அப்படியே இருந்தால். ஒரே வகைக் கோலை ஆறு ஆட்டமாக வாங்கியும் அதற்கென ஒரு பயிற்சிகூட நடக்காவிட்டால். எல்லைக்குள் இருந்து நாம் அடிக்கும் உதை குறைந்துகொண்டும் எதிரணி அடிப்பது கூடிக்கொண்டும் எட்டு ஆட்டம் போனால். இவை ஆறுதலாக, எழுத்தில், அவரை முன்னால் இருத்திக் கதைக்கவேண்டியவை. காயப்பட்ட பொடியனை ஊசி போட்டு இறக்குவது, அடிப்பது, கீழ்த்தரமாகப் பேசுவது, ஊரையும் சாதியையும் மதத்தையும் பார்த்து ஆள் எடுப்பது ஆகியவை வேறு. அதற்கு எட்டு ஆட்டம் காத்திருக்கத் தேவையில்லை, அன்றே அனுப்பவேண்டும். மற்றப்படி, உதைகளின் எண்ணிக்கையில் முன்னால் நின்றும் கோல் மட்டும் விழவில்லையென்றால் அவரை விட்டுவிடுங்கள்.

அவரிடம் என்ன கொடுத்தோம் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். 22 பேருக்கு நான்கு பந்து கொடுத்தால் எந்த மனிதரும் பாஸ் பழக்கமுடியாது. இரண்டு பேருக்கு ஒன்று, 11 பந்து, 5ஆம் இலக்கம். காற்றமுக்கம் பார்க்கும் மானியோடு ஒரு பம்ப். 40 கூம்பு, இரண்டு நிறத்தில் 11 வீதம் மேலங்கி. நகர்த்தக்கூடிய சின்னக் கோல் நான்கு. குழாய் வளைத்து ஊரிலேயே ஒட்டுவிக்கலாம், ஆனால் பின்சட்டத்தில் மணல் மூட்டை வைத்துக் கட்டவேண்டும், சாய்ந்து விழும் கோல்கம்பம் உலகெங்கும் பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது. இவை இருந்தால் செவ்வாய்க்கிழமை 30க்கு 20 மீற்றரில் நாலுக்கு நாலு, நாலு நிமிடம் நாலு தடவை, இடையில் மூன்று நிமிடம் ஓய்வு என்று ஒழுங்காக நடத்தலாம். ஓட்டம், பாஸ், அழுத்தம் மூன்றும் அதிலேயே வரும். தார் ரோட்டில் ஐந்து கிலோமீற்றர் ஓடவிடத் தேவையிராது.

நியமனக் கடிதம் ஒன்று கொடுங்கள், ஒரு பக்கம் போதும். எத்தனை பயிற்சி, என்ன கொடுப்பனவு, எந்தத் திகதிக்குள், ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகும் பன்னிரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகும் மீளாய்வு, இரு பக்கத்துக்கும் 30 நாள் அறிவித்தல். பதினொரு பேரைத் தெரிவது அவர் மட்டுமே என்ற வரி கட்டாயம். நிர்வாகசபை உறுப்பினர் ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு பெயர் சொல்லி அழைப்பெடுக்கிற பழக்கம் நிற்காதவரை யாரைக் கொண்டுவந்தாலும் ஒன்றுதான். அவர்களுடைய பெயரை இங்கே எழுதுவது எங்கள் நோக்கமில்லை. யாரென்று உங்களுக்கே தெரியும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் விலகல் முறைச் சுற்றுக்கு மூன்று கிழமைக்குள் மாற்றாதீர்கள். உதவிப் பயிற்றுவிப்பாளரைப் பருவ முடிவுவரை பொறுப்பாக வைப்பது நல்லது. போகிறவரிடம் மரியாதையாக நான்கு தாளை வாங்குங்கள்: காயப் பட்டியல், கோணர் பங்கீடு, ஒவ்வொரு வீரரும் ஆடிய நிமிடம், இளைய வீரர்கள் பற்றிய குறிப்பு. கழகத்தில் இருவரை ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சி தரப் பயிற்சிநெறிக்கு அனுப்புங்கள், ஒருவர் முன்னாள் கீப்பராக இருக்கட்டும். பெண்கள் அணி தொடங்க எண்ணும் கழகங்கள் அனுப்பும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் தொடக்கத்திலேயே பாதி வேலை முடியும்.

தெரிவுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் தாளில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். வயதெல்லை ஜனவரி முதலாம் திகதியால் கணக்கிடப்படும்போது ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர் நொவெம்பர், டிசெம்பரில் பிறந்தவரைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர். 13 வயதில் அந்த ஒரு வயது உயரமாகவும் வேகமாகவும் தெரியும், திறமை என்று நாம் எடுத்துக்கொள்வோம். தெரிவான பட்டியலில் முதல் மூன்று மாதத்தவர்களே நிறைந்திருந்தால் மிச்சப் பேரை இன்னொரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள். 12 வயதுக்குக் கீழே 4ஆம் இலக்கப் பந்து.

மூதூர், ஈச்சிலம்பற்று, சம்பூர்ப் பக்கத்துப் பொடியன்கள் பயிற்சிக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி பஸ்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நகருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் போய்வருவது எளிதாகிவிட்டது. இரண்டு இடத்திலும் மாறி மாறிப் பயிற்சி வைத்தால் பாதித் தூரம் குறையும். போக்குவரத்துக் காசை வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாகப் போடுங்கள். நோன்பு மாதத்தில் பயிற்சியை நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, பாரம் குறைத்து, தறாவீஹ் தொழுகை நேரத்தோடு முட்டாமல் வையுங்கள். நோன்பு பிடிக்காதவர்களும் அதே நேரத்துக்கு வரட்டும். மாரியில் மைதானம் நீரில் நிற்கும்போது பாடசாலை மண்டபத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடலாம். கடற்கரை மணலில் ஓடுவதென்றால் முதல் கிழமை 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குதிகால் தசைநாண் தாங்காது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குமுன் மூன்று காரியத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கேட்கிறோம்: வாங்கிய கோல்களின் பதிவுத் தாள், பயிற்றுவிப்பாளரின் நியமனக் கடிதம், கீப்பர் பயிற்சிக்கான மணல் குழி. தாள் குறிக்க ஆள் இல்லையென்றால் நாங்கள் வருகிறோம், எந்தக் கழகமாக இருந்தாலும், ஓர் ஆட்டத்துக்கு இருவர் வீதம். நடுக்கோட்டுக்கு நேரே ஒரு மேசையும், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு வயரும் ஒழுங்குசெய்து தாருங்கள். குறித்த தாளும் வீடியோவும் ஆட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் உங்கள் செயலாளர் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
திருகோணமலை உதைபந்தாட்ட ரசிகர்கள்